ஆமைப்பாலம் பார்க்க வருகிறவர்களுக்கு

மடைப்பட்டணத்துக்கு வருகிறவர்கள் காலை ரயிலில் வருவது நல்லது, ஏனென்றால் மத்தியான ரயிலில் வந்தால் கால்வாய்த் தண்ணீரில் வெயில் நேராக இறங்கிக் கண்ணைக் கூசவைக்கும், தோணிக்காரர்களும் சாப்பாட்டு மயக்கத்தில் உங்களை இறக்க வேண்டிய துறையில் இறக்காமல் தங்கள் மாமியார் வீட்டுத் துறையில் இறக்கிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்காதீர்கள். ஆட்டோ போகிற தெரு எங்கள் ஊரில் இரண்டே இரண்டுதான், இரண்டும் பார்க்க லட்சணமில்லாதவை. இடது பக்கம் படியிறங்கினால் உப்புக் கால்வாய். அங்கே கட்டிக்கிடக்கிற தோணிகளில் நீலப்பட்டை அடித்தது என்னுடையது. என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை, மற்றவை ஒழுகும்.

இந்த ஊர் வெனிஸ் மாதிரி இருக்குமா என்று தோணியில் காலை வைக்கும்போதே கேட்டுவிடுகிறார்கள். நான் வெனிஸுக்குப் போனதில்லை. போய்வந்தவர்கள் நிறையப் பேரை ஏற்றியிருக்கிறேன், அங்கே பாலமெல்லாம் வைத்த இடத்திலேயே நிற்கிறதா என்று கேட்டும் இருக்கிறேன், ஆமாம், நிற்கிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அப்புறம் என்ன ஒப்பிடுவது, சொல்லுங்கள்.

எங்களிடம் நான்கு கால்வாய்கள் உண்டு. உப்புக் கால்வாய், ராணிக் கால்வாய், பூக்கால்வாய், மடைக் கால்வாய். உப்பு வியாபாரம் பொங்கி வழிந்த காலத்தில் வெட்டியவை, வெட்டிய மண்ணை மேடாக்கி அதன்மேல்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது. பழைய சுங்க மாளிகையைப் பாருங்கள், அதன் ஜன்னல்களைக் கடல் பக்கம் வைக்காமல் கால்வாய்ப் பக்கம் வைத்திருப்பதைப் பாருங்கள். பள்ளிவாசலின் தண்ணீர்ப்படியில் ஓதம் ஏறும்போது பச்சை ஓடுகள் ஒவ்வொன்றாக முழுகுவதைப் பாருங்கள். அம்மன் கோயில் தேர் எங்கள் ஊரில் தெப்பத்தில்தான் நான்கு கால்வாயும் சுற்றி வரும், அந்தச் சமயத்தில் வந்தால் அறை கிடைக்காது, என் வீட்டு மாடியில் பாய் போட்டுத் தருகிறேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு ஆமைப்பாலம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிப் படத்தில் போட்டிருக்கிற இடத்தில், அதாவது ராணிக் கால்வாயின் நடுவில், அது இருக்காது. அங்கே பாலத்தைத் தாங்கின இடத்தில், இந்தக் கரையில் ஒரு கல்மொட்டையும் அந்தக் கரையில் ஒரு கல்மொட்டையும் இருக்கும், இரண்டின் மேலும் யாராவது வடாம் காயவைத்திருப்பார்கள்.

"இன்னைக்குப் பாலம் எங்கேங்க?" என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு உங்கள் கையைப் பார்ப்பார்கள். வெறுங்கையாக இருந்தால் இரண்டு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு போங்கள் என்பார்கள். இது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் பாலத்தைப் பார்த்தால், பார்த்தும் பார்க்காதது மாதிரிதான், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், சாவாக இருக்கட்டும், காய்ச்சலாக இருக்கட்டும், இல்லாமையாக இருக்கட்டும், அந்த வீட்டின் முதல் சோறு எதிர்வீட்டிலிருந்து வர வேண்டும். பக்கத்து வீடு அல்ல, எதிர்வீடு, அதாவது கால்வாய்க்கு அக்கரையில் உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு. அவர்கள் என்ன சாதி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், உங்களோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. அந்தச் சோறு வந்து அதில் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் கொண்டுவருவதைத் தொடலாம். அந்தச் சோறு தோணி ஏறவும் கூடாது, கையில் ஏந்தி நடந்துதான் வர வேண்டும். ஏன் கூடாது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். நாங்கள் கேட்டதில்லை. சோற்றை ஏந்திக்கொண்டு பாலம் பாலமாகச் சுற்றி நடந்தோம், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது, ஒரு ஐப்பசி மாதம், உப்புக் கால்வாயின் கடைக்கோடியில் ஆமினா உம்மாவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். எதிர்வீடு பொன்னுத்தாயினுடையது. பொன்னுத்தாய் சோறு வடித்து, கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, இரண்டையும் கூடையில் இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்து நின்றாள். அக்கரையில் ஆமினா உம்மா தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருப்பது தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆனால் பாலத்துக்குப் போக வேண்டுமானால் ஊரைப் பாதி சுற்ற வேண்டும், போய்ச் சேர்வதற்குள் சோறு ஆறி விறைத்துவிடும். இந்த ஊரை வெட்டியவன் கையில் கட்டை முளைக்க என்று பொன்னுத்தாய் திட்டினாள். திட்டிவிட்டு முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். துடைத்து முடித்தபோது, ராணிக் கால்வாயில் நிற்க வேண்டிய ஆமைப்பாலம், அதன் கூன் முதுகோடும் பாசி பிடித்த கைப்பிடிச் சுவரோடும், நடுமாடத்தில் இருக்கிற சின்னப் பிள்ளையாரோடும், சொட்டச் சொட்ட அவள் எதிரில் நின்றது. பொன்னுத்தாய் பாலத்தின் மேலேறி நடந்து போய்ச் சோற்றைக் கொடுத்தாள். ஆச்சரியப்படவில்லையா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டபோது, சோறு சுட்டது, ஆச்சரியப்பட நேரமில்லை என்றாள்.

அன்றிலிருந்து அது நடக்கிறது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. கோலம் போடுகிறவள் குனிந்திருக்கும்போதோ, தோணிக்காரன் கொட்டாவி விடும்போதோ, தெருவே குழாயடிச் சண்டையை வேடிக்கை பார்க்கத் திரும்பியிருக்கும்போதோ, கல் தண்ணீரில் உரசுகிற சத்தம் லேசாகக் கேட்கும், அப்புறம் பாலம் வேறு இடத்தில் நிற்கும். முதலில் சில வாரங்கள் ஊர் கொஞ்சம் பயந்தது. பாலம் வந்து நின்றால் அந்த வீட்டில் எமன் வரப்போகிறான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆனால் அது அடுப்பு அணைந்த பிறகுதான் வருகிறது, முன்னால் ஒருநாளும் வந்ததில்லை என்று பெண்கள் கவனித்துச் சொன்னார்கள், அதோடு பயம் போய்விட்டது. அப்புறம் நடைமுறைச் சங்கடங்கள்தான் மிச்சம். பாலத்துப் பிள்ளையாருக்குப் பூசை செய்கிற நடேசப் பூசாரி தினமும் காலையில் எண்ணெய்த் தூக்கும் பூக்கூடையுமாகக் கிளம்பி, சாமி இன்றைக்கு எங்கே என்று தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பாலத்தடியில் மோர் விற்றவர் தள்ளுவண்டிக்குப் பெரிய சக்கரம் போட்டுக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் ஆமைப்பாலம் அருகில் என்று அச்சடிப்பதை நிறுத்தினோம். பாலத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டியது எந்த வார்டு என்று ஆறு மாதம் சண்டை நடந்தது, கடைசியில் அது யார் வாசலில் நிற்கிறதோ அவர்களே கூட்டுவது என்று முடிவாயிற்று.

பாலத்திடம் ஏமாற்றுவித்தை பலிக்காது. ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிறவர் வீட்டுக்கு அது வந்ததில்லை, நோன்பு மாதத்தில் பகலில் நகர்ந்ததில்லை. ஆனால் பூக்கால்வாயில் ஒரு புதுமணத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டு, நீ சமை நீ சமை என்று இருவரும் சமைக்காமல் ஆளுக்கொரு மூலையில் கிடந்தபோது விடிந்ததும் வாசலில் வந்து நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் இட்லியோடு வந்தார்கள், பின்னாலேயே தெரு முழுக்க வந்தது. அந்தத் தம்பதிக்கு இப்போது மூன்று பிள்ளைகள், எதற்குச் சண்டை போட்டோம் என்று இருவருக்குமே ஞாபகமில்லை என்கிறார்கள்.

சாவும் காய்ச்சலும் என்றால் சிக்கலில்லை. இல்லாமை என்றால்தான் சங்கடம். ஒரு வீட்டில் அரிசி இல்லை என்பதை ஊருக்கே தெரிகிற மாதிரி இவ்வளவு பெரிய கல்பாலம் வந்து வாசலில் நின்று சொன்னால், அந்த வீட்டுக்காரர் தலையை எங்கே வைத்துக்கொள்வார்? மடைப்பட்டணத்துக்காரர்கள் மானஸ்தர்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அதனால் ஊர் கூடிப் பேசாமலே ஒரு வழி கண்டுபிடித்தது. எதிர்வீட்டுக்காரர் சோற்றோடு வந்து, சும்மா பாலம் பார்க்க வந்தேன் என்பார். வீட்டுக்காரர், வாங்க வாங்க, நல்லாப் பாருங்க என்பார். பாலத்தின் கல் எங்கிருந்து வந்திருக்கும், வளைவு எவ்வளவு நேர்த்தி என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசுவார்கள். போகும்போது கொண்டுவந்த பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போவார்கள். அப்புறம் அடுத்தவர் பாலம் பார்க்க வருவார். சொந்த ஊரிலேயே சுற்றுலா போகிறவர்கள் உலகத்தில் நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி இருந்த ஊரில் இரண்டு பேர் மட்டும் ஒருவர் வாசலை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஒருவர் மங்கையர்க்கரசி, எங்கள் நகராட்சித் தலைவி. இன்னொருவர் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சந்தியாகு. மடைக் கால்வாயில் எதிரெதிர் வீடு. சின்ன வயதிலிருந்து அவருக்கு அவள் மங்கை, அவளுக்கு அவர் அண்ணன், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பணியாரமும் பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பும் மாறிமாறிப் போன வீடுகள். தேர்தலில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். மங்கையர்க்கரசி குடையிலும் சந்தியாகு சீப்பிலும் நின்று, குடை ஜெயித்தது. ஜெயித்த அன்று அவள் ஆட்கள் பட்டாசுச் சரத்தை அவர் வீட்டுத் தண்ணீர்ப்படியில் கொளுத்திப் போட்டார்கள். அவள் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாத்திய கால்வாய்ப் பக்க ஜன்னலை அவர் திறக்கவே இல்லை.

மங்கையர்க்கரசிக்கு அது உறுத்தலாக இருந்தது, உறுத்தல் கோபமாக மாறியிருந்தது. தினமும் காலையில் தன் அடுக்களையிலிருந்து அவர் ஓட்டுக்கூரைக்கு மேல் புகை எழுவதைப் பார்ப்பாள். எங்கள் ஊரில் கேஸ் இல்லாமல் இல்லை, ஆனால் சோற்றை மட்டும் சவுக்கு விறகில்தான் வடிப்போம், அந்த ருசி உங்களுக்குச் சொன்னால் புரியாது. நன்றாகத்தான் பொங்கித் தின்கிறார், நம்மிடம் பேசாமல் இருந்தால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு அவளும் தன் அடுப்பை ஊதுவாள்.

அந்தப் புகை வெறும் புகை என்பது யாருக்கும் தெரியாது. கப்பலுக்குப் போன அவர் மகனிடமிருந்து தகவல் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பென்ஷன் எங்கோ ஒரு மேசையில் சிக்கிக்கிடந்தது. கடைத்தெருவில் பார்த்தால் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, பையன் நன்றாக இருக்கிறான், மாதா மாதம் அனுப்புகிறான் என்பார். அடுப்பு அணைந்தால் பாலம் வந்துவிடும், வந்தால் எதிர்வீட்டுக்காரிதான் முதல் சோறு கொண்டுவர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சோற்றைத் தின்பதைவிடப் பசியே மேல் என்று நினைத்தார். ஆகவே அரிசி இல்லாத நாட்களிலும் அடுப்பைப் பற்றவைத்து, பானையில் வெறும் தண்ணீரை ஏற்றிக் கொதிக்கவிட்டார். அடுப்பு எரிந்தது, பாலம் வரவில்லை. அந்தக் கல்லை ஏமாற்றிய ஒரே ஆள் அவர்தான், அதிலும் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் பாரம்பரியக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. பழம்பெரும் நகரங்களின் பட்டியலில் மடைப்பட்டணத்தைச் சேர்க்கலாமா என்று பார்த்துச் சொல்ல டில்லியிலிருந்து ஐந்தாறு பேர். அவர்கள் பார்க்க ஆசைப்பட்டதே ஆமைப்பாலத்தைத்தான். ஆனால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்: நினைவுச்சின்னம் என்றால் அது கட்டப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும், இடம் மாறியது என்றால் எடுத்துக்கொள்வதற்கில்லை. மங்கையர்க்கரசி இந்தப் பட்டியலுக்காக மூன்று வருடம் அலைந்தவள். ஊர் பெயர் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று தூங்காமல் கிடந்தவள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஆசைப்பட்டோம். பாலம் ராணிக் கால்வாய்ப் பக்கத்து வீடொன்றில் சாவுச்சோற்றுக்காக வந்து நின்ற நாளாகப் பார்த்து, ஆசாரியை வைத்து, துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடந்த நங்கூரச் சங்கிலிகளைக் கொண்டுவந்து, பழைய கல்மொட்டைகளின் மேல் அதைச் சரியாக ஏற்றி உட்காரவைத்துக் கட்டிவிட்டோம். கட்டும்போது எல்லாருமே அதைத் தட்டிக்கொடுத்தோம், ஒருநாள் பொறுத்துக்கொள் என்று சொன்னோம். எங்கள் பாலத்தின் மேல் எங்களுக்கு அவ்வளவு பெருமை, அதனால்தான் கட்டினோம்.

குழு வந்த அன்று மங்கையர்க்கரசி விடிந்ததுமே நகராட்சி மண்டபத்துக்கு வந்துவிட்டாள். விருந்துச் சமையல் அங்கேதான் நடந்தது, அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பதற்றத்தில் அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. நாதஸ்வரம் வாசித்தார்கள், மாலை போட்டார்கள். என் தோணியில்தான் குழுவை ஏற்றிக்கொண்டு வந்தேன். சுங்க மாளிகையையும் பள்ளிவாசல் படியையும் பார்த்து அவர்கள் வாயைப் பிளந்தார்கள், நான் அதைக் கவனிக்காத மாதிரி துடுப்புப் போட்டேன். ராணிக் கால்வாய்க்குத் திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு இறுகுகிற சத்தம். சங்கிலி விறைப்பதும் தளர்வதும், மறுபடி விறைப்பதுமாக இருந்தது. கோயில் மணியா என்று குழுத்தலைவர் கேட்டார். வழுக்கைத் தலையும் நல்ல முகமுமான மனிதர். கரையில் நின்ற மங்கையர்க்கரசி, துறைமுகத்தில் கப்பல் வேலை நடக்கிறது என்றாள். துறைமுகத்தில் கப்பல் வந்து நாற்பது வருடமாகிறது.

குழு அளவெடுத்தது, படம் எடுத்தது. சங்கிலி இறுகிக்கொண்டே இருந்தது. பாலத்தின் இடுக்குகளிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது, மாடத்துப் பிள்ளையார் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நடேசப் பூசாரிக்குப் பொறுக்கவில்லை. அவர் தலைவியின் பக்கத்தில் போய், விடியற்காலையிலிருந்து இழுக்கிறதம்மா, மடைக் கால்வாய்ப் பக்கமாக இழுக்கிறது, அங்கே யார் வீட்டிலோ அடுப்பு அணைந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். மடைக் கால்வாயில் எல்லார் வீட்டிலும் நேற்றுக்கூடப் புகை வந்ததே என்றான் ஒருவன். எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் இல்லையே என்றான் இன்னொருவன்.

மங்கையர்க்கரசியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வழக்கம்போல எதிர்க்கூரையைப் பார்த்திருக்கிறாள். புகை இல்லை. கர்த்தர் புண்ணியத்தில் எங்கோ ஊருக்குப் போய்விட்டார் போலிருக்கிறது, நம் விழாவைப் பார்க்கப் பிடிக்காமல், என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு எதிரில் மூன்று வருட அலைச்சலும், டில்லிக்காரர்களும், கேமராவும், ஊரின் பெயரும் நின்றன. சங்கிலியை அவிழ்த்தால் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். அவிழ்க்காவிட்டால் என்ன போகும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அவள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவுத்து விடுங்கப்பா" என்றாள்.

ஆசாரி உளியும் சுத்தியலுமாக ஓடினார். சங்கிலி அறுந்து தண்ணீரில் விழுந்தது. பாலம் அசையவில்லை. அசையாது, ஏனென்றால் ஊர் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றது. மங்கையர்க்கரசி விருந்தாளிகளைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டாள், எல்லாரும் தயவுசெய்து ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று. வேறு எந்த ஊரில் ஒரு நகராட்சித் தலைவி இப்படிக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் கேட்ட விதத்தில் வழுக்கைத் தலைக்காரர் திரும்பினார், அதைப் பார்த்து மற்றவர்கள் திரும்பினார்கள், இரு கரையிலும் நின்ற ஜனம் திரும்பியது, நாதஸ்வரக்காரர்கள் திரும்பினார்கள், தோணிகளில் இருந்த நாங்கள் திரும்பினோம். அப்போதும் சத்தமில்லை. குழுவோடு வந்த புகைப்படக்காரப் பையன் தோளுக்கு மேலே கேமராவைப் பிடித்துப் பின்பக்கமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தலையைப் பிடித்துத் திருப்பினேன். அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது, ஈரக்கல் ஈரமண்ணில் உரசுகிற சத்தம், கூடவே அலை வந்து தோணியைத் தூக்கிப் போட்டது. பகலில், அத்தனை பேர் முதுகுக்குப் பின்னால், எங்கள் பாலம் போனது. யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரும் கேட்டோம்.

திரும்பியபோது இரண்டு கல்மொட்டைகள்தான் இருந்தன. குழுத்தலைவர் தன் கையிலிருந்த பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

மங்கையர்க்கரசி ஓடினாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரமாக ஓடினாள், பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் டில்லிக்காரர்கள். மடைக் கால்வாயில், அவள் வீட்டு வாசலிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு, பாலம் நின்றது. மண்டபத்திலிருந்து யாரோ புத்தி வந்து சாம்பார் வாளியையும் பிரியாணி அண்டாவையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் பாலத்தில் ஏறவில்லை. முதல் சோறு எதிர்வீட்டுச் சோறு. எதிர்வீட்டிலோ அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. மங்கையர்க்கரசி தன் வீட்டுக்குள் போய்க் குளிர்ந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். படியால் அரிசியை அள்ளி மடியில் கட்டினாள், ஊறுகாய்ச் சாடியை ஒரு கையிலும் நான்கு விறகை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள், தீப்பெட்டியை இடுப்பில் செருகினாள். அப்படியே பாலத்தில் ஏறிப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது, பட்டாசு விஷயத்தில். அவள் அப்படி நடந்து போனதைப் பார்த்த பிறகு இல்லை.

கதவு தாழிடாமல் இருந்தது. சந்தியாகு அடுக்களையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி வெள்ளையாக இருந்தது, முகத்தில் கன்னம் இல்லை. அடுப்பில் தண்ணீர்ப் பானை, அதன் கீழே சாம்பலில் பாதி எரிந்த பலகை ஒன்று. அதில் சீப்புச் சின்னத்தின் பல் நான்கைந்து மிச்சமிருந்தன. தேர்தல் பலகைகள் அத்தனையையும் அவர் எரித்து முடித்திருந்தார், கடைசிப் பலகையைப் பற்றவைக்கும்போது கையில் தெம்பு இல்லாமல் தீ அணைந்துவிட்டிருக்கிறது. மங்கையர்க்கரசி அந்தப் பலகையையும் தண்ணீர்ப் பானையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் தான் பார்த்துக் கோபப்பட்ட புகை எது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார், குரல் காற்றாகத்தான் வந்தது.

"என்ன மங்கை, பாலம் பாக்க வந்தியா?"

"ஆமாண்ணே" என்றாள் அவள். "பாலம் பாக்கத்தான் வந்தேன்."

"நல்லாப் பாத்துக்க. அது உனக்காக வந்திருக்கு."

அவள் விறகைக் கீழே வைத்தாள்.

"உன் வீட்டுலதான் இன்னைக்குப் புகையைக் காணோம். ஜன்னல் இடுக்கு வழியா காலையிலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன். விசேஷ நாளும் அதுவுமா இந்தப் பொண்ணு ஏன் அடுப்பு மூட்டலைன்னு எனக்கு ஒரே கவலை. கடைசியா எப்ப சாப்பிட்ட?"

வாதத்தில் தோற்றதே இல்லாத மங்கையர்க்கரசி, மேடையில் ஏறினால் இறங்காத மங்கையர்க்கரசி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம், நேத்து மத்தியானம்ணே என்றாள். பார்த்தியா என்றார் அவர். அவள் குனிந்து விறகை அடுக்கி அடுப்பை மூட்டினாள், அவர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த அதே தண்ணீரில் அரிசியைக் கழுவிப் போட்டாள். கூரைக்கு மேல் புகை எழுந்தபோது வெளியில் நின்றவர்கள் அவரவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். கஞ்சி வெந்ததும் அவர் தன் கையால் முதல் கிண்ணத்தை அவளுக்குத்தான் ஊற்றினார், எதிர்வீட்டுச் சோறு, நீ முதலில் சாப்பிடு என்றார். அவள் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஊற்றி அவர் சாப்பிட்டார், அதற்குப் பிறகு பிரியாணி அண்டா உள்ளே போனது. கால்வாய்ப் பக்க ஜன்னலை அவள் திறந்துவிட்டு வந்தாள்.

பாலம் அன்றைக்கு யாருக்காக வந்தது என்று எங்கள் ஊரில் இன்னும் முடிவாகவில்லை. மடைக் கால்வாயின் வடகரைக்காரர்கள் சந்தியாகுவுக்காக என்கிறார்கள், தென்கரைக்காரர்கள் தலைவியம்மாவுக்காக என்கிறார்கள். கேட்டால் இருவருமே மற்றவருக்காக என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய பென்ஷனை எந்த மேசையிலிருந்து பிடுங்க வேண்டுமோ அந்த மேசைக்கு மங்கையர்க்கரசியே போய் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள், மகனைப் பற்றி விசாரிக்கக் கப்பல் கம்பெனிக்கு இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறாள். பட்டியலில் ஊர் சேரவில்லை. இடம் மாறுகிற சின்னத்துக்கு அதில் இடமில்லையாம். அதில் இருக்கிற ஊர்களின் பெயர்களை ஒருநாள் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், நல்ல ஊர்கள்தான், பாவம், எல்லாப் பாலமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த வழுக்கைத் தலைக்காரர் மட்டும் ஒவ்வொரு வருடமும் சொந்தச் செலவில் வருகிறார். ஸ்டேஷனில் இறங்கும்போதே கையில் டிபன் கேரியர் இருக்கும்.

ஆகவே வாருங்கள். தொப்பி கொண்டுவாருங்கள், கால்வாயில் பிளாஸ்டிக் போடாதீர்கள், பாலத்தைப் பார்க்கப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோங்கள், கல்லையும் வளைவையும் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, கொண்டுபோன பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டு வாருங்கள். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஊர் பார்க்க மட்டுமே வருவதில்லை, என் தோணியில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். என்றைக்காவது காலையில் நீங்கள் தங்கியிருக்கிற லாட்ஜ் வாசலில் ஆமைப்பாலம் வந்து நின்றால் வெட்கப்படாதீர்கள், கதவைச் சாத்தாதீர்கள், புகைக்காகக் காகிதம் கொளுத்தாதீர்கள். எதிர்வீட்டிலிருந்து யாராவது சோற்றோடு வருவார்கள். பாலம் பார்க்க வந்தேன் என்பார்கள். நல்லாப் பாருங்க என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.